பாதுகாப்புத் துறையிடம் எம்.பி. கேட்கும் கேள்விகளால் என்ன நடக்கும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அப்பா ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருக்கிறாள். உங்கள் தொகுதி எம்.பி., மாணவர் படை, முன்னாள் படைவீரர், பாதுகாப்பு ஆகியவை பற்றி ஓராண்டில் இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகளை எழுப்பியதாகத் துண்டறிக்கை அச்சிட்டிருக்கிறார். நீங்கள் அந்தப் பதில்களைத் தேடிப் படித்தீர்கள். பாதி புரியவில்லை, மீதியில் ஒன்றும் இல்லை. இப்படிக் கேட்பதால் ஏதாவது நடக்குமா என்று கேட்கிறீர்கள்.

நடக்கும். ஆனால் எத்தனை கேள்விகள் என்பதைப் பொறுத்து நடக்காது. முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பாதுகாப்பு அமைச்சகத்தின் பதில்களைப் படிப்பது அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டது. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: படைத்துறை விஷயத்தில் ஒருவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரு சொல்லின் வரையறையில் தீர்ந்துவிடுகிறது. 'கேடட்' என்றால் யார், 'முன்னாள் படைவீரர்' என்றால் யார், 'ஒரே ஓய்வூதியம்' என்றால் எதுவரை ஒரே? அந்த வரையறையைத் தொட்டுக் கேட்ட கேள்விக்குச் செய்தி கிடைக்கிறது. தொடாமல் கேட்ட கேள்விக்கு வாழ்த்துரை கிடைக்கிறது.

நடைமுறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணி முதல் 12 மணி வரை. மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. அந்த இருபதிலும் ஐந்தாறுக்கு மேல் அவையில் எடுத்துக்கொள்ள நேரம் இருப்பதில்லை. யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். அமைச்சகங்களை வார நாட்களுக்குப் பங்கிட்டிருப்பதால் பாதுகாப்பு அமைச்சகத்தின் முறை மக்களவையில் வெள்ளிக்கிழமையும் மாநிலங்களவையில் திங்கட்கிழமையும் வருகிறது. நான்கு வாரக் கூட்டத்தொடர் என்றால் உங்கள் எம்.பி.க்கு நான்கே வெள்ளிக்கிழமைகள். அவற்றிலும் ஒரு நாளில் ஐந்து கேள்விகளுக்கு மேல் ஒருவருக்கு அனுமதி இல்லை.

ஆகவே துண்டறிக்கையில் உள்ள கேள்விகள் பெரும்பாலும் எழுத்துக் கேள்விகளாகத்தான் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒற்றைக் கேள்வி அமைச்சரையே வீட்டுக்கு அனுப்பிய வரலாறும் நமக்கு இருக்கிறது. 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் எழுப்பிய நட்சத்திரக் கேள்வி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதை வெளியே இழுத்தது. அடுத்த பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதற்கும் முன்னால், வெள்ளையர் ஆட்சியின் மத்திய சட்டசபையில் நம்முடைய தீரர் சத்தியமூர்த்தி துணைக் கேள்விகளுக்கே பெயர் பெற்றவர். ஆனால் அவையில் நடக்கும் மோதலுக்கு ஒரு நாள்தான் ஆயுள். எழுத்தில் வந்த பதில் ஆவணமாக நிற்கிறது. நீதிமன்றத்தில் இணைக்கலாம், அடுத்த மனுவில் மேற்கோள் காட்டலாம். அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்துவது உரிமை மீறல் என்பதால் அதிகாரிகள் அந்தப் பதிலின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் எழுதுகிறார்கள். நாமும் எடைபோட்டுத்தான் படிக்க வேண்டும்.

இனி, படிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். ஒரு கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று உட்பிரிவுகளோடு இருக்கும். பதிலைத் திறந்தவுடன் நான் பார்ப்பது, இவற்றைத் தனித்தனியாகப் பதிலளித்திருக்கிறார்களா, அல்லது '(அ) முதல் (ஈ) வரை' என்று ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறார்களா என்பதைத்தான். கட்டிவிட்டால், நான்கில் ஒன்று நழுவியிருக்க வாய்ப்பு அதிகம். நழுவியது எதுவோ அதுதான் பெரும்பாலும் கேட்கத்தக்க கேள்வி. அடுத்து, '(அ) இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை: எழவில்லை' என்ற வடிவம். முதல் உட்பிரிவை 'இத்தகைய திட்டம் ஏதேனும் அரசிடம் உள்ளதா' என்று தொடங்கினால், ஒரே ஒரு 'இல்லை' என்ற சொல்லால் மீதி மூன்றும் செத்துப்போகின்றன. நல்ல நோக்கத்தோடு எழுதிய எத்தனையோ கேள்விகள் இப்படி வீணானதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

'மையமாகத் தகவல் தொகுக்கப்படவில்லை' என்ற வரி வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அரசு அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளவே இல்லை என்பது எழுத்தில் கிடைத்த ஒப்புதல். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' போன்ற வரிகள் இன்னும் மதிப்பு வாய்ந்தவை. அவை உறுதிமொழிகளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மக்களவையில் 1953 முதல் இயங்கும் அரசு உறுதிமொழிக் குழு அவற்றைப் பதிவு செய்து, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றும்படி அமைச்சகத்தைக் கேட்கும். பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் நிலுவை என்று ஒரு பதிவேட்டில் ஏறியிருப்பதற்கும், எங்கும் ஏறாமல் காற்றில் போவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. உங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் 'இந்தப் பதில் உறுதிமொழியாகச் சேர்க்கப்பட்டதா' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைப் பொதுமக்கள் கேட்பது மிக அரிது.

நாட்டின் பாதுகாப்பு நலன் கருதி விவரம் தர இயலாது என்ற பதிலும் வரும். அவை விதிகளே இரகசியத் தன்மையுள்ள விஷயங்களைக் கேட்பதற்குத் தடை போடுகின்றன. படைப்பிரிவுகள் எங்கே நிற்கின்றன, கையிருப்பில் எத்தனை குண்டுகள் என்றெல்லாம் கேட்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் மாணவர் படைக் காலியிடமும் எந்த எதிரிக்கும் உதவும் இரகசியங்கள் இல்லை. அங்கே இந்தத் திரையைப் போட முடியாது. முன்னாள் படைவீரர், மாணவர் படை பற்றிய கேள்விகளை நான் முக்கியமாகக் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்த வரையறைகள். முதலில் கேடட். இந்த ஒரே சொல்லால் நாம் மூன்று வகைப் பிள்ளைகளைக் குறிக்கிறோம். உங்கள் மகளைப் போல தேசிய மாணவர் படையில் இருப்பவர்கள் ஒரு வகை. உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962 முதல் இயங்குவது போன்ற சைனிக் பள்ளிகளின் மாணவர்கள் இரண்டாவது வகை. கடக்வாஸ்லாவின் தேசிய பாதுகாப்பு அகாதமி, டேராடூனின் ராணுவ அகாதமி, சென்னையின் அதிகாரிகள் பயிற்சி அகாதமி போன்ற இடங்களில் அதிகாரியாவதற்குப் பயிற்சி பெறுபவர்கள் மூன்றாவது வகை. முதல் இரண்டு வகையினருக்கும் படையில் பணியாற்றும் கடமை எதுவும் இல்லை. மூன்றாவது வகையினர் படையின் கட்டளைக்குள் முழுமையாக வாழ்கிறார்கள். ஆனாலும் அதிகாரி நியமனம் கையில் வரும்வரை அவர்கள் படைவீரர்கள் ஆவதில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில் எத்தனை துயரம் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பதினெட்டு, இருபது வயதில், நாட்டிலேயே கடினமான தேர்வுகளில் ஒன்றைத் தாண்டிப் பயிற்சிக்குப் போகிறான் ஒரு பிள்ளை. தடை தாண்டும் பயிற்சியிலோ குத்துச்சண்டையிலோ நீச்சல் குளத்திலோ முதுகுத்தண்டு முறிகிறது. மருத்துவக் காரணம் காட்டி வெளியே அனுப்புகிறார்கள். சேவையில் இருக்கும் படைவீரருக்கு இதே காயம் பட்டால் ஊனமுற்றோர் ஓய்வூதியம், முன்னாள் படைவீரர் தகுதி, மருத்துவத் திட்டம் எல்லாம் உண்டு. இவனுக்குக் கிடைப்பது கருணைத்தொகை. ஊனத்தின் அளவைப் பொறுத்து மாதம் சுமார் 40,000 ரூபாய் வரை. ஓய்வூதியம் என்று அதற்குப் பெயர் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆண்டுதோறும் பத்து முதல் இருபது பேர் இப்படி வெளியேற்றப்படுகிறார்கள் என்றும், அத்தகையோர் சுமார் 500 பேர் இருக்கிறார்கள் என்றும் அமைச்சகமே 2024 ஜனவரியில் சொன்னது. அவர்களுக்கு மறுவாழ்வு, பயிற்சி வசதிகளை விரிவுபடுத்தும் முடிவை அறிவித்தபோது வந்த கணக்கு அது.

மருத்துவம் அப்போதும் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஒரு நாளிதழ் இந்தப் பிள்ளைகளின் நிலையை எழுதியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு அரசிடம் விளக்கம் கேட்ட சில நாட்களுக்குள், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அமைச்சகம் ஒப்புக்கொண்டது. பல பத்தாண்டுகளாக முடியாது என்றிருந்தது இரண்டு வாரத்தில் முடிந்தது. அத்தனை ஆண்டுகளில் 'கேடட்டுகளின் நலனுக்கு அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை' என்று எவர் கேட்டிருந்தாலும், அதற்கு மாணவர் படை முகாம்களின் பட்டியலைப் பதிலாகத் தந்துவிட முடியும். 'அதிகாரிப் பயிற்சியில் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர்கள், அகாதமி வாரியாக, ஆண்டு வாரியாக எத்தனை பேர்; அவர்களுக்கு ஓய்வூதியம் மறுக்கப்படுவது எந்த விதியின்படி' என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது. இன்றைக்கும் இது கேட்கவேண்டிய கேள்விதான். மருத்துவம் வந்தது, ஓய்வூதியத்தின் பெயர் இன்னும் கருணைத்தொகைதான் என்றால் அது ஏன் என்று ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.

அடுத்த சொல் 'முன்னாள் படைவீரர்'. ராணுவத்தில் இருந்தவர் எல்லாரும் முன்னாள் படைவீரர் என்று ஊரில் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. எப்படி விடுவிக்கப்பட்டார், ஓய்வூதியத்தோடா, மருத்துவக் காரணமா, ஆட்குறைப்பா, சொந்த விருப்பமா என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தகுதி கிடைக்கும். 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தை இந்த இடத்தில்தான் உற்றுப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டு சேவை. முடிவில் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் வெளியேறுவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் பாதுகாப்புத் துறையின் சிவில் பணிகளிலும் 10 விழுக்காடு ஒதுக்கீடு 2022இல் அறிவிக்கப்பட்டது. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களுக்கு நான்கு ஆண்டு முடிவது 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும்.

இந்த இளைஞர்களைப் பற்றி அவையில் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பெரும்பாலும் 'திட்டத்தைத் திரும்பப் பெறும் உத்தேசம் உண்டா' என்ற வடிவில் வந்தன. 'இல்லை' என்ற ஒரு சொல்லில் முடிந்தன. திட்டத்தை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருக்குமே பயன்படும் கேள்விகள் வேறு. ஒதுக்கப்பட்ட இடங்களுக்கான ஆள்சேர்ப்பு விதிகள் எந்தெந்தப் படையில் அறிவிக்கையாக வெளிவந்துள்ளன? அந்த ஒதுக்கீடு என்பது ஆண்டுக்கு எத்தனை இடம்? வெளியே வருகிறவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூச்சல் போட வேண்டிய அவசியமே இருக்காது.

அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன்மாதிரி உண்டு. மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்குக் குரூப் 'சி' பதவிகளில் 10 விழுக்காடும் குரூப் 'டி' பதவிகளில் 20 விழுக்காடும் ஒதுக்கீடு இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களில் அது 14.5, 24.5 விழுக்காடு. தாளில் இவ்வளவு தாராளம். மறுவாழ்வுத் தலைமை இயக்ககத்தின் 2021 ஜூன் மாதக் கணக்கோ, குரூப் 'சி' பணியில் உள்ளவர்களில் 1.29 விழுக்காட்டினர் மட்டுமே முன்னாள் படைவீரர்கள் என்றது. குரூப் 'டி'யில் 2.66. இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. 77 துறைகளில் 34 துறைகள் மட்டுமே அந்த விவரத்தையே அனுப்பியிருந்தன. மீதி 43 துறைகள் எவை, அவற்றுக்கு எத்தனை நினைவூட்டல் கடிதங்கள் போயின என்று கேட்பதுதான் அடுத்த கேள்வி. விவரம் அனுப்பாத துறையின் பெயர் அவை ஆவணத்தில் ஏறும் என்று தெரிந்தால் விவரம் தானாக வந்து சேரும்.

உங்கள் அப்பாவை நேரடியாகத் தொடுவது மூன்றாவது சொல்: 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்'. இதற்கு வரையறை கொடுத்ததே நாடாளுமன்றம்தான். பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2011 டிசம்பரில் அறிக்கை தந்தது. ஒரே பதவியில், ஒரே சேவைக்காலத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம். எதிர்காலத்தில் உயர்வு வந்தால் அது பழையவர்களுக்கும் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் கருத்து. 2014 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் கொள்கையளவில் ஏற்று 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். 2015 நவம்பர் 7 அன்று அரசாணை வந்தது; 2014 ஜூலை 1 முதல் நடைமுறை. ஆனால் 'தானாகவே' என்பது அரசாணையில் 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்று மாறியிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம். அந்த ஒரு சொல்லுக்காக முன்னாள் படைவீரர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2022 மார்ச் 16 அன்று, அரசின் கொள்கையில் அரசியல் சட்டக் குறை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 2019 ஜூலை 1 முதல் மறுநிர்ணயம் செய்து நிலுவையைக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று மாதத்தில் கொடுக்க வேண்டியதை அரசு இழுத்தது. 2023 ஜனவரியில் நான்கு தவணை என்று சுற்றறிக்கை போட்டது. அந்த மார்ச்சில் நீதிமன்றம் அதைக் கண்டித்து, குடும்ப ஓய்வூதியர்களுக்கும் வீரப்பதக்கம் பெற்றவர்களுக்கும் முதலில், எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அடுத்து என்று வரிசை வகுத்தது.

எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு மூன்று மாதம் என்பது என்னவென்று அந்த நாட்களில் நேரில் பார்த்தேன். என்னிடம் மனு எழுதிய ஒரு ஹவில்தார், நிலுவை வந்த வாரத்தில் உயிரோடு இல்லை. அவருடைய மனைவியின் பெயருக்கு அதை மாற்றுவதற்கு இன்னொரு மனு எழுதினேன். ஆகவே நிலுவை பற்றிக் கேட்கும் எந்த எம்.பி.யும் மொத்தக் கோடிகளைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொடுபடாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், வாரிசுக்குப் போக வேண்டியவை எத்தனை என்று கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் மூன்றாவது நிர்ணயமும் வந்திருக்கிறது. உங்கள் அப்பாவின் பதவி, பிரிவு, சேவைக்காலம் மூன்றையும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓய்வூதியக் கணக்கு ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறியபோது சேவைக்காலம் தவறாகப் பதிவான நிகழ்வுகளைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன். அது உங்கள் வீட்டில் நேர்ந்திருந்தால் அதற்குக் குறைதீர்ப்பு மனு போதும், நாடாளுமன்றம் தேவையில்லை. ஒரே தவறு நூறு பேருக்கு நேர்ந்திருந்தால் அது நாடாளுமன்றத்துக்குரியது.

மருத்துவமும் அப்படித்தான். 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், அவற்றின் பரிந்துரையோடு தனியார் மருத்துவமனைகள். இடறுவது ஓரிடத்தில்: பில் தொகை நிலுவையாகும்போது மருத்துவமனைகள் முதலில் தயங்குகின்றன, பிறகு விலகுகின்றன. இதய அடைப்போடு போன முதியவர் ஒருவரை 'முன்பணம் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று நிறுத்திவைத்ததை அவருடைய மகன் என்னிடம் அழுதபடி சொன்னார். இதற்கு 'நாட்டில் எத்தனை மருத்துவமனைகள் பட்டியலில் உள்ளன' என்று கேட்டால் பெருமையான ஓர் எண் வரும். உங்கள் மண்டலத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பட்டியலிலிருந்து விலகியவை எத்தனை, அவற்றுக்குத் தர வேண்டிய நிலுவை எவ்வளவு, பில் வந்ததற்கும் பணம் போனதற்கும் இடையே சராசரி எத்தனை நாள் என்று கேட்டால் நோய் எங்கே என்று தெரியும்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. குன்ஸ்ரு குழுவின் பரிந்துரை அதற்கு அடிப்படை. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கட்டாயமாக்கினார்கள், 1968இல் மறுபடியும் விருப்பத்துக்கு விட்டார்கள். 20,000 பேரோடு தொடங்கிய படைக்கு 2024இல் மூன்று லட்சம் கூடுதல் இடங்கள் ஒப்புதலாகி, அனுமதிக்கப்பட்ட அளவு 20 லட்சமாகிறது. 2020இல் எல்லை, கடலோரப் பகுதிகளைச் சேர்ந்த 173 மாவட்டங்களுக்கு விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. கடலோர மாவட்டங்கள் நிறைந்த நமக்கு அது முக்கியம்.

அனுமதிக்கப்பட்ட இடம் என்பது சேர்ந்த பிள்ளை என்று பொருள்படாது. ஒரு கல்லூரிக்கு இடம் கிடைத்தாலும், பயிற்சி பெற்ற ஆசிரிய அதிகாரி இல்லையென்றால் அணி நடக்காது. ஆசிரியர் பயிற்சிக்கு ஆண்கள் காம்ப்டிக்கும் பெண்கள் குவாலியருக்கும் போக வேண்டும். எத்தனை கல்லூரிகள் அனுப்புகின்றன? செலவில் ஒரு பகுதி மாநில அரசின் தலையில் இருப்பதால் டெல்லியில் கேட்டால் மாநிலத்தைக் காட்டுவார்கள், மாநிலத்தில் கேட்டால் டெல்லியைக் காட்டுவார்கள். இதற்கு வழி, ஒரே கேள்வியை எம்.பி. மக்களவையிலும் எம்.எல்.ஏ. சட்டப்பேரவையிலும் ஒரே மாதத்தில் கேட்பது. இரண்டு பதில்களையும் சேர்த்துப் படித்தால் பணம் எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் காலிப் பணியிடங்களுக்கும் சட்டப்பேரவைதான் சரியான இடம்.

2024 விரிவாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. முன்னாள் படைவீரர்களைத் தொகுப்பூதியத்தில் மாணவர் படைப் பயிற்றுநர்களாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் படையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். பலருக்கு வயது நாற்பதுக்குள். அவர்களுடைய அனுபவமும் உங்கள் மகளின் அணியும் ஒரே மைதானத்தில் சந்திக்கலாம். எத்தனை பேரை எடுத்தார்கள், தொகுப்பூதியம் எவ்வளவு, தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் அடங்கிய இயக்ககத்துக்கு எத்தனை பேர்? உங்கள் எம்.பி.யின் இருபது கேள்விகளில் இது இல்லையென்றால் இதை நீங்களே கொடுங்கள்.

கொடுக்கும்போது 150 சொற்களுக்குள் முடியுங்கள், அதுதான் விதி. வாதமோ ஏளனமோ கலந்தால் செயலகம் தள்ளிவிடும். அரசின் கருத்தைக் கேட்டாலும் தள்ளிவிடும். முதல் உட்பிரிவை 'உள்ளதா' என்று முடிக்காமல் 'எத்தனை' என்று தொடங்குங்கள். ஆண்டையும் மாவட்டத்தையும் குறிப்பிடுங்கள். கடைசி உட்பிரிவில், விவரம் இல்லையென்றால் அதைத் தொகுக்காததற்குக் காரணம் என்ன என்று சேர்த்துவிடுங்கள். 'தொகுக்கப்படவில்லை' என்ற பதிலோடு அவர்கள் நின்றுவிட முடியாது. இதே பொருளில் முன்பு வந்த பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம் வாரியாகக் கிடைக்கும். அதன் எண்ணையும் தேதியையும் துண்டுச்சீட்டில் எழுதி உடன் வையுங்கள். எம்.பி.யின் உதவியாளர் பெரும்பாலும் இளைஞராக இருப்பார், நூறு மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். தயாராக எழுதிய கேள்வியை அவர் நன்றியோடுதான் வாங்கிக்கொள்வார். என்னிடம் யாரும் இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை.

கூட்டத்தொடர் எப்போது கூடுகிறது என்ற அறிவிப்பு வந்த அன்றே போங்கள். முதல் வெள்ளிக்கிழமைக்கான பதினைந்து நாள் கெடு மிக விரைவில் கடந்துவிடும். அப்பாவின் ஓய்வூதிய ஆணையின் நகலையும் மகளின் கல்லூரி கூடுதல் மாணவர் படை இடங்களுக்கான காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் அந்தக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றைக் கேள்வியோடு இணைக்க முடியாது. ஆனால் கேள்வியைக் கையில் வாங்குகிறவர் அது யாருக்காக என்று தெரிந்து வாங்க வேண்டும்.